திட்டுகளும் நகர்வும்: இனத்தொகை மாதிரியில் இடத்தைச் சேர்ப்பது எப்படி?

1958இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கார்ல் ஹஃபேக்கர் என்ற பூச்சியியலாளர் ஆரஞ்சுப் பழங்களை வைத்துச் செய்த சோதனை, இனத்தொகை மாதிரிகளைக் கற்க வரும் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. பழத்தைத் தின்னும் சிலந்திப்பேன் ஒன்று, அதைப் பிடித்துத் தின்னும் இரைவிழுங்கிப் பேன் ஒன்று. பழங்களை எளிமையாக அடுக்கியபோது இரைவிழுங்கி எல்லா இரையையும் தின்று தீர்த்தது, பிறகு தானும் பட்டினியில் செத்தது. 252 பழங்களைப் பரப்பி, நடுவே வாஸ்லின் தடவி இரைவிழுங்கி நடந்துபோவதைக் கடினமாக்கினார். சிலந்திப்பேன் நூல் விட்டுக் காற்றில் மிதந்து போகச் சிறு மரக்குச்சிகளை நட்டு, மின்விசிறியும் வைத்தார். இப்போது இரண்டு இனங்களும் மூன்று முழு ஏற்ற இறக்கங்களைக் கடந்து சேர்ந்தே வாழ்ந்தன. இனமும் உணவும் அதேதான். யார் எவ்வளவு எளிதாக இடம் பெயர முடியும் என்பது மட்டும்தான் மாறியது.

அந்த மாற்றத்தைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்தக் கட்டுரை. எக்செல், லிப்ரே ஆபிஸ், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் போதும். பைதான், ஆர் போன்ற நிரல்மொழிகள் தெரிந்திருந்தாலும் முதல் இரண்டு மாதிரிகளை விரிதாளிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணும் கண்ணெதிரே இருக்கும். பிழை எங்கே புகுந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

முதலில் ஒரே ஒரு திட்டு

திட்டு என்பது ஓர் இனம் வாழும் தனித்த இடத் துண்டு. அதில் எண்ணிக்கை தலைமுறைதோறும் எப்படி மாறும் என்று சொல்லும் ரிக்கர் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

அடுத்த தலைமுறை = இப்போதைய எண்ணிக்கை × அடுக்குக்குறி [வீதம் × (1 − எண்ணிக்கை ÷ தாங்குதிறன்)]

வீதம் என்பது வளர்ச்சி வீதம். தாங்குதிறன் என்பது அந்த இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கை. விரிதாளில் அடுக்குக்குறிக்கு ஈஎக்ஸ்பி (EXP) என்ற சார்பு இருக்கிறது. வீதம், தாங்குதிறன், பின்னால் வரப்போகும் இடப்பெயர்வுப் பங்கு மூன்றையும் தாளின் மேல்பகுதியில் தனிக் கட்டங்களில் எழுதி, டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுங்கள். சூத்திரத்துக்குள் நேரடியாக எண்ணைப் புதைத்தால், பிறகு ஒரு மதிப்பை மாற்றும்போது பாதி வரிசை பழைய மதிப்பிலேயே நின்றுவிடும்.

தாங்குதிறன் 100 என்று வையுங்கள். வீதம் 0.5 என்றால் எண்ணிக்கை ஏறி 100இல் அமைதியாக நிற்கும். 2ஐத் தாண்டினால் ஒரு தலைமுறை குறைவு, அடுத்தது அதிகம் என ஊசலாடும். சுமார் 2.69க்கு மேல் ஒழுங்கின்மை தொடங்குகிறது: எண்ணிக்கை எந்தச் சுழற்சியிலும் நிற்காமல் தாறுமாறாகக் குதிக்கும். பழகுவதற்கு 2.2 மிக வசதி: எண்ணிக்கை கிட்டத்தட்ட 50, 150, 50, 150 என்று மாறி மாறி வரும். அப்படி வரவில்லையென்றால் சூத்திரத்தில் அடைப்புக்குறி இடம் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

இரண்டு திட்டுகள்

ஏ நெடுவரிசையில் தலைமுறை. பி, சி இரண்டிலும் இரு திட்டுகளின் எண்ணிக்கை. டி, இ இரண்டிலும் இனப்பெருக்கத்துக்குப் பிந்தைய எண்ணிக்கை. அடுத்த வரிசையின் பி, சி கட்டங்களில் இடப்பெயர்வு முடிந்த எண்ணிக்கை. இடப்பெயர்வுப் பங்கு 0.02 என்றால், ஒவ்வொரு திட்டும் தன் உயிர்களில் 98 விழுக்காட்டை வைத்துக்கொண்டு, எதிர்த் திட்டிலிருந்து 2 விழுக்காட்டைப் பெறுகிறது.

தொடக்கம் 40, 150. முதல் வரிசையைக் கையால் சரிபாருங்கள். இனப்பெருக்கத்துக்குப் பின் 149.7, 49.9. இடப்பெயர்வுக்குப் பின் 147.7, 51.9. முன்னும் பின்னும் கூட்டுத்தொகை 199.7 ஆகவே இருக்க வேண்டும். இந்தக் கூட்டலைத் தனி நெடுவரிசையாகவே வைத்துக்கொள்ளுங்கள். இடப்பெயர்வு உயிர்களைப் படைப்பதும் இல்லை, கொல்வதும் இல்லை. கூட்டுத்தொகை மாறினால் வெளியேறியவர்களைக் கழிக்க மறந்திருப்பீர்கள், அல்லது புதுப்பித்த பி எண்ணிக்கையைக் கொண்டு சி எண்ணிக்கையைக் கணக்கிட்டிருப்பீர்கள். இரண்டாவது பிழை நிரல் எழுதுபவர்களிடம் மிக அதிகம். இரண்டு திட்டுகளையும் பழைய மதிப்புகளிலிருந்தே ஒரே நேரத்தில் புதுப்பிக்க வேண்டும்.

இப்போது 100 தலைமுறை ஓட்டி, இடப்பெயர்வுப் பங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

0.02 என்று வைத்தால் இரண்டு திட்டுகளும் எதிரெதிராகவே ஊசலாடிக்கொண்டிருக்கும். ஒன்று 54 அளவில் இருக்கும்போது மற்றது 146 அளவில். இரண்டின் கூட்டுத்தொகை 200ஐ ஒட்டி அசையாமல் நிற்கும்.

0.1 என்று வைத்தால் சில பத்துத் தலைமுறைகளில் எதிர்நிலை கலைந்து, இரண்டும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். கூட்டுத்தொகை 100க்கும் 300க்கும் இடையே குதிக்கும்.

இந்த மாதிரியில் வேறெதுவும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். "இடப்பெயர்வு இனத்தொகையை நிலைப்படுத்தும்" என்ற வாசகம் பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும். அது பாதி உண்மை. கொஞ்சம் இடப்பெயர்வு ஆபத்தைப் பிரித்து வைக்கிறது, அதிக இடப்பெயர்வு எல்லாத் திட்டுகளையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து ஆபத்தைச் சேர்த்துவிடுகிறது. ஒரு திட்டு ஓராண்டில் அழியும் வாய்ப்பு 0.1 என்று வையுங்கள். தனித்தனித் தாளத்தில் இருந்தால் இரண்டும் அதே ஆண்டில் அழியும் வாய்ப்பு 0.01. முழுக்க ஒரே தாளத்தில் இருந்தால் அது மறுபடி 0.1. பத்து மடங்கு வேறுபாடு! வனவிலங்குத் தடங்களைத் திட்டமிடுபவர்கள் இணைப்பு எந்த அளவு என்று கேட்டாக வேண்டியது இதனால்தான். அதற்காக இணைப்பே வேண்டாம் என்று முடிவுகட்டுவதும் தவறு: அழிந்த திட்டுக்கு ஆள் அனுப்ப வேறு வழி கிடையாது.

முடிவுகளைப் படிக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு திட்டின் வரைபடத்தையும் கூட்டுத்தொகையின் வரைபடத்தையும் தனித்தனியே வரையுங்கள். 0.02 வழக்கில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காத அமைதியான இனம் போலத் தெரியும்.

ஊற்றும் வடிகாலும்

எல்லாத் திட்டும் ஒன்றுபோல் இருக்காது. பிறப்பு இறப்பை மிஞ்சும் இடம் ஊற்று. இறப்பு பிறப்பை மிஞ்சும் இடம் வடிகால். ரொனால்ட் புல்லியம் 1988இல் இதைத் தெளிவாக வகுத்தார். கணக்கு மிகச் சிறியது. ஒரு வடிகாலில் ஆண்டுதோறும் உள்ளவற்றில் 0.8 பங்கே மிஞ்சுகிறது, வெளியிலிருந்து 10 உயிர்கள் வந்து சேர்கின்றன. எந்த எண்ணிலிருந்து தொடங்கினாலும் அது 50இல் போய் நிற்கும்.

களத்தில் ஆண்டுதோறும் எண்ணுபவருக்கு 50, 50, 50 என்றே கிடைக்கும். நலமான இடம் என்று குறிப்பெழுதுவார். பக்கத்து ஊற்றை வெட்டி வீட்டுமனை ஆக்கிவிட்டால் வரவு நின்றுபோகும். 18ஆம் ஆண்டில் எண்ணிக்கை 1க்குக் கீழே போய்விடும். ஆகவே எண்ணிக்கையை மட்டும் கொண்டு எந்த வாழிடத்தைக் காப்பது என்று தீர்மானிக்க வேண்டாம். பிறப்பு, இறப்பு, வரவு, செலவு நான்கையும் பிரித்து அளக்க வேண்டும்.

திட்டுகளின் வரிசை: பரவும் வேகம்

நூறு கட்டங்களை ஒரே வரியில் அடுக்குங்கள். தாளில் குறுக்கே கட்டங்கள், கீழ்நோக்கித் தலைமுறைகள். வீதம் 0.5, தாங்குதிறன் 100, இடப்பெயர்வுப் பங்கு 0.2, அதாவது இடப்பக்கம் 0.1, வலப்பக்கம் 0.1. முதல் கட்டத்தில் மட்டும் 10 உயிர்களைப் போட்டு 150 தலைமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணிக்கை 50ஐத் தொட்ட கடைசிக் கட்டம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அலையின் முகப்பு.

முகப்பு ஒரே சீரான வேகத்தில் நகரும்: தலைமுறைக்குச் சுமார் 0.46 முதல் 0.47 கட்டம். 1937இல் ரொனால்ட் ஃபிஷர் கண்ட சூத்திரத்தின்படி வேகம் = 2 × வர்க்கமூலம் (வளர்ச்சி வீதம் × விரவல் கெழு). விரவல் கெழு என்பது உயிர்கள் எவ்வளவு விரைவாகச் சிதறுகின்றன என்பதைக் காட்டும் எண். நம் வரிசையில் அது இடப்பெயர்வுப் பங்கில் பாதி, அதாவது 0.1. சூத்திரம் 0.45 தருகிறது. நேரமும் இடமும் துண்டு துண்டாக இருப்பதால் வரும் சிறு வேறுபாடு அது. முதல் 50 தலைமுறையை விட்டுவிட்டு வேகத்தை அளங்கள். தொடக்கத்தில் முகப்பு தன் வடிவத்தை எடுக்கும்வரை மெதுவாகவே நகரும்.

இடப்பெயர்வுப் பங்கை இருமடங்காக்கி 0.4 ஆக்கினால் வேகம் இருமடங்காகாது. 0.62 அளவில்தான் நிற்கும். வர்க்கமூலத்தின் வேலை இது.

1951இல் ஜான் ஸ்கெல்லம் இந்தக் கோட்பாட்டை உண்மைத் தரவோடு பொருத்திக் காட்டினார். 1905இல் பிராகா அருகே விடப்பட்ட கஸ்தூரி நீரெலிகள் மத்திய ஐரோப்பாவில் பரவிய பரப்பளவின் வர்க்கமூலத்தை ஆண்டுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வந்தது. உங்களிடம் ஊடுருவி இனம் ஒன்றின் வரைபடங்கள் இருந்தால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனையும் இதுவே. கோடு நேராக வந்தால் எளிய மாதிரி போதும். மேல்நோக்கி வளைந்தால் வேறேதோ நடக்கிறது.

பெரும்பாலும் அந்த வேறேதோ, தொலைதூரத் தாவல்தான். அதையும் செய்து பாருங்கள். கட்டங்களை 400 ஆக்குங்கள். இடம்பெயரும் 0.2 பங்கில் 95 விழுக்காடு பக்கத்துக் கட்டத்துக்கே போகட்டும். மிச்சம் 5 விழுக்காடு 10 கட்டம் தாண்டிப் போகட்டும். பெயரும் நூறில் ஐந்து மட்டுமே தூரம் போகிறது. ஆனால் அலையின் வேகம் 1.8ஐத் தாண்டி, ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். சராசரி நகர்வுத் தூரத்தை அளந்து மாதிரியில் போட்டால் போதும் என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்று இங்கே தெரியும். எத்தனை உயிர்கள் எவ்வளவு தூரம் போகின்றன என்று காட்டும் வரைகோடுதான் பரவல் வளைவு. வேகத்தைத் தீர்மானிப்பது அதன் வால், அதாவது மிகத் தொலைவு போகும் சிலர்.

அந்த வாலும் நிலையானதன்று. 1935இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கரும்பு வண்டைக் கட்டுப்படுத்தக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரை, முதல் சில பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் பரவியது. பின்னர் அது 50 கிலோமீட்டருக்கு மேல் போனது. வேகமாக ஓடும் தேரைகள் முகப்பில் சேர்ந்து, தங்களுக்குள் இணைந்து, நீண்ட காலுள்ள சந்ததியைத் தந்தன. இந்த நிலையில் இடப்பெயர்வை மாறிலியாக வைக்கும் மாதிரி கணிப்பில் எப்போதும் பின்தங்கும்.

ஓரம் எங்கே முடிகிறது?

வரிசை ஓரிடத்தில் முடிய வேண்டும். முடியும் இடத்தில் உயிர்கள் என்னவாகின்றன என்று நீங்களே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விரிதாள் தன் போக்கில் ஒரு முடிவை எடுத்துவிடும். வெற்றுக் கட்டத்தைச் சுழியமாகக் கொள்ளும் என்பதால், ஓரத்தைத் தாண்டியவை செத்தன என்றே அது கணக்கிடும்.

மூன்று வழிகள் உண்டு. குளத்து மீனுக்கு ஓரம் சுவர்: வெளியேற வேண்டிய பங்கை அதே கட்டத்தில் திருப்பிச் சேருங்கள். சுற்றிலும் தார்ச்சாலையும் கட்டடமுமாக இருக்கும் காட்டுத் துண்டுக்கு ஓரம் சாவு: அப்படியே விடுங்கள். கோட்பாட்டை மட்டும் ஆராய்கிறீர்கள் என்றால் வலக்கோடியையும் இடக்கோடியையும் வளையமாக இணைக்கலாம். கூட்டுத்தொகைச் சோதனை முதலும் மூன்றும் வகைகளில் மட்டுமே பொருந்தும்.

சாவு ஓரம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. வீதம் 0.1, இடப்பெயர்வுப் பங்கு 0.4. மூன்றே கட்டம் உள்ள வாழிடத்தில் உயிர்களை விடுங்கள். தலைமுறைக்கு 2.4 விழுக்காடு குறைந்து அழியும். நான்கு கட்டமாக்குங்கள். தொடக்கத்தில் 2 விழுக்காடு வளர்ந்து நிலைத்துவிடும். ஆனால் நடுக் கட்டங்களில்கூடத் தாங்குதிறனில் ஏறத்தாழக் கால் பங்குதான் இருக்கும். வாழிடத்தின் தரம் இரண்டிலும் ஒன்றே. ஒரு கட்டம் கூடியதுதான் வாழ்வுக்கும் சாவுக்கும் வித்தியாசம். தொடர்ச்சியான மாதிரியில் இந்தக் குறைந்தபட்ச நீளம் = 3.14 × வர்க்கமூலம் (விரவல் கெழு ÷ வீதம்), நம் எண்களுக்கு 4.4. துண்டு துண்டான நம் வரிசையில் கண்ட எல்லைக்கு இது துல்லியமாக அன்று, கிட்டத்தட்டப் பொருந்துகிறது. அதிகம் அலையும் இனத்துக்குப் பெரிய வாழிடம் வேண்டும் என்ற களஅனுபவம் இந்தச் சூத்திரத்துக்குள் இருக்கிறது.

எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திட்டுகளை எண்ணும் முறை

சில இனங்களில் ஒவ்வொரு திட்டிலும் எத்தனை என்று எண்ண முடியாது. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். அதற்கு ரிச்சர்ட் லெவின்ஸ் 1969இல் தந்த மாதிரி. உயிர் உள்ள திட்டுகளின் நிலைத்த பங்கு = 1 − (அழிவு வீதம் ÷ குடியேற்ற வீதம்). அழிவு 0.1, குடியேற்றம் 0.25 என்றால் 0.6. நூறில் அறுபது திட்டு நிரம்பியிருக்கும், நாற்பது காலியாக இருக்கும்.

காலித் திட்டுகள்தானே என்று அவற்றைத் தொடாதீர்கள். எழுந்தமானமாக 40 திட்டுகளை அழித்தால் நிரம்பியவை 20 ஆகக் குறையும். 60ஐ அழித்தால், நல்ல நிலையில் 40 திட்டு மிச்சமிருந்தும், இனம் மெல்ல மெல்ல முற்றிலும் மறையும். மறைய நாளாகும் என்பதால் உடனே தெரியாது.

இந்த மாதிரி எல்லாத் திட்டும் ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில் இருப்பதாகக் கொள்கிறது. அது போதாதபோது இல்க்கா ஹான்ஸ்கி பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் செய்ததைப் பின்பற்றலாம். அங்கே சுமார் 4,000 புல்வெளித் திட்டுகளில் கிளான்வில் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கூடுகளை 1990களிலிருந்து ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் தேடுகிறார்கள். ஒவ்வொரு திட்டுக்கும் இரண்டு எண்கள்: பரப்பளவு, இணைப்பு. பரப்பளவு கூடினால் அழிவு குறையும். இணைப்பைக் கணக்கிட, உயிர் உள்ள மற்ற எல்லாத் திட்டுகளின் பரப்பளவையும், தூரம் கூடக்கூட அடுக்குக்குறியில் தேயும் எடையால் பெருக்கிக் கூட்டுங்கள். இணைப்பு கூடினால் குடியேற்றம் கூடும்.

தளமாக விரிக்கும்போது

கட்டங்களை ஒற்றை வரியாக இல்லாமல் நீளமும் அகலமும் உள்ள தளமாக அடுக்கும்போது, விரிதாளை விட்டு நிரலுக்கு வாருங்கள். நான்கு பக்கத்துக்கு மட்டும் உயிர்களை அனுப்பினால் வட்டமாகப் பரவ வேண்டிய அலை வைர வடிவில் பரவும். இடம்பெயரும் பங்கில் நான்கு பக்கங்களுக்குத் தலா 20 விழுக்காடும் நான்கு மூலைகளுக்குத் தலா 5 விழுக்காடும் கொடுத்தால் வட்டம் ஓரளவு சரியாக வரும்.

தொடர்ச்சியான விரவல் சமன்பாட்டைத் துண்டாக்கித் தீர்ப்பவர்கள் ஒரு வரம்பை மறக்கக் கூடாது. விரவல் கெழு × நேரப்படி (ஒவ்வொரு கணக்கீட்டிலும் நேரம் நகரும் அளவு) ÷ கட்ட நீளத்தின் வர்க்கம் என்ற எண், ஒற்றை வரிசையில் 0.5ஐயும் தளத்தில் 0.25ஐயும் தாண்டினால் எண்கள் கட்டுக்கட்டாகக் குதித்து, எதிர்மறை உயிர்கள் தோன்றும். சதுரங்கப் பலகை போன்ற கோலம் வந்தால் அதை இயற்கையின் அதிசயம் என்று நம்பிவிடாமல் நேரப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். கோலம் மறைந்தால் அது கணினியின் பிழை.

உண்மையான கோலங்களும் உண்டு. ஹாசல், காமின்ஸ், மே மூவரும் 1991இல் புழுவையும் அதன் ஒட்டுண்ணிக் குளவியையும் தளத்தில் ஓட்டினார்கள். தனித் திட்டில் அந்த மாதிரி எப்போதும் அழிவில்தான் முடியும். பெரிய தளத்தில், பக்கத்துக்கு மட்டும் நகரவிட்டபோது, சுருள் அலைகளாகச் சுழன்று நீடித்தது. தளத்தைச் சிறிதாக்கினால் சுருளுக்கு இடம் போதாமல் மறுபடி அழிந்தது. எனவே தளத்தின் அளவை இருமடங்காக்கி முடிவு மாறுகிறதா என்று பார்க்காமல் எந்த முடிவையும் எழுதாதீர்கள்.

பின்ன உயிர்கள்

விரிதாள் 0.000001 நரியையும் நரியாகவே மதிக்கும். அது வளர்ந்து மறுபடி ஆயிரமாகும். ஐரோப்பிய நரிகளில் வெறிநோய் பரவிய மாதிரி ஒன்றில் இது நடந்ததை டெனிஸ் மாலிசன் 1991இல் சுட்டிக்காட்டினார். ஒரு நரியின் மிகமிகச் சிறு பின்னம் உயிரோடு இருந்து இரண்டாவது அலையைக் கிளப்பியது. எண்ணிக்கை 1க்குக் கீழே போனால் சுழியமாக்குங்கள். இன்னும் நல்லது, ஒவ்வொரு தலைமுறையிலும் கணக்கிட்ட எண்ணிக்கையைச் சராசரியாகக் கொண்டு, தற்செயலாக முழு எண்களைத் தரும் பாய்சான் (Poisson) நிகழ்தகவுப் பரவலிலிருந்து முழு எண்ணை எடுங்கள். அலையின் வேகமும் இதனால் குறையும், ஏனென்றால் முகப்பின் நுனியில் இருப்பவை இந்தப் பின்னங்களே. முழு எண்ணுக்கு மாறிய பிறகு ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. குறைந்தது 200 முறை ஓட்டி, எத்தனை முறை அழிந்தது என்று எண்ணுங்கள்.

தரவோடு ஒப்பிடும்போது

இரண்டு இடங்களின் எண்ணிக்கை சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்பதால் அவற்றிடையே இடப்பெயர்வு உண்டு என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரே மழையும் ஒரே வறட்சியும் இரண்டையும் தாக்கினாலே போதும். கனடாவின் லின்க்ஸ் பூனைகளை வைத்துப் பாட்ரிக் மோரன் 1953இல் இதைக் காட்டினார்: இரு இனத்தொகைகளும் ஒரே நேரியல் விதிப்படி இயங்கினால், வானிலை எந்த அளவு ஒத்துப்போகிறதோ அந்த அளவு எண்ணிக்கையும் ஒத்துப்போகும். உங்கள் மாதிரியில் இடப்பெயர்வைச் சுழியமாக்கி, இரு திட்டுக்கும் பொதுவான தற்செயல் அலைவைக் கொடுத்து ஓட்டுங்கள். தரவில் உள்ள ஒத்திசைவு அதிலேயே வந்துவிட்டால், இடப்பெயர்வுக்கு வேறு சான்று தேட வேண்டும்.

அந்தச் சான்று பெரும்பாலும் குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறையிலிருந்து வரும். 2 கிலோமீட்டர் அகலமுள்ள ஆய்வுப் பகுதியில் 5 கிலோமீட்டர் போன உயிர் மறுபடி வலையில் சிக்காது. செத்ததாகக் கணக்கில் ஏறும். இறப்பு வீதம் கூடித் தெரியும், இடப்பெயர்வு குறைந்து தெரியும், வால் முழுதாகக் காணாமல் போகும். அதனால் களத்தில் கிடைத்த பரவல் வளைவோடு ஒரு முறை, அதே அளவு உயிர்களில் 1 விழுக்காட்டை ஆய்வுப் பகுதிக்கு வெளியே தாவவிட்டு ஒரு முறை, 5 விழுக்காட்டைத் தாவவிட்டு ஒரு முறை என மூன்று ஓட்டங்களையும் அறிக்கையில் பக்கம் பக்கமாகக் கொடுங்கள்.